விசுவாசத்தில் புதியவரா? அன்பை ஓர் ஆளிடமிருந்து தொடங்குங்கள்

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் எல்லோருக்குமே ஒரு வேகம் இருக்கும். பல வருடம் பேருக்குக் கிறிஸ்தவராக இருந்துவிட்டு இப்போதுதான் மனதாரத் திரும்பியவர்களுக்கும் அப்படித்தான். ஆராதனை, உபவாச ஜெபம், பிரசங்க வீடியோ, காலையில் வசனப் படம் என்று நாள் நிறைந்துவிடும். நல்லதுதான். ஆனால் "திங்கட்கிழமை நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அன்பாயிருங்கள், ஜெபியுங்கள்" என்பதோடு பதில் முடிந்துவிடும். எப்படி என்று உட்கார்ந்து சொல்லித்தருபவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்த 'எப்படி'யைப் பற்றியது.

முதலில் ஓர் எச்சரிக்கை. "இனி எல்லாரையும் நேசிப்பேன்" என்று தீர்மானம் எடுக்காதீர்கள். எல்லாரையும் நேசிப்பது ரொம்பச் சுலபம். 'எல்லாரும்' யாரும் நம்மிடம் கடன் கேட்பதில்லை, நாம் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை, குளியலறையை ஈரமாக்கிவிட்டுப் போவதில்லை. பெயரும் முகமும் உள்ள ஓர் ஆளை நேசிப்பதுதான் சிரமம். கண்ணால் கண்ட சகோதரனிடம் அன்புகூராதவன் காணாத தேவனிடம் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்பதும் இதைத்தான் (1 யோவான் 4:20). அதனால் கீழே வரும் எல்லாப் படிகளும் பெயர்களைச் சுற்றியே வரும்.

முதலில் ஒரு சுவிசேஷம், அதுவும் மாற்கு

வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் ஏராளம். மாற்குவிலிருந்து தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் பதினாறே நாளில் முடிந்துவிடும்.

படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பகுதியில் இயேசுவின் எதிரே நிற்பது யார், அவரிடம் இயேசு எப்படி நடந்துகொள்கிறார்?

முதல் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வருகிறான். வார்த்தையாலேயே சுகமாக்கியிருக்கலாம். ஆனால் இயேசு கையை நீட்டி அவனைத் தொடுகிறார். ஊர் தொடாத ஒருவனை முதலில் தொட்டுவிட்டுத்தான் பேசுகிறார். ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அவசரமாக நடக்கிறார்கள். வழியில் 12 வருடமாகப் பெரும்பாடுள்ள ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவள் சுகமாகியும்விட்டாள், அப்படியே போயிருக்கலாம். இயேசு நின்று, யார் தொட்டது என்று கேட்டு, அவள் முழுக்கதையையும் சொல்லும்வரை காத்திருக்கிறார். யவீருவுக்கு அந்த நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்தாம் அதிகாரத்தில் பர்திமேயு. பார்வையில்லாதவனுக்கு என்ன வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். அப்படியிருந்தும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்கிறார்.

நிற்பது, கேட்பது, தயங்காமல் கிட்டப் போவது. அன்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. நாம் வழுக்குவதும் இங்கேதான்: உதவி செய்ய மனம் இருக்கும், ஆனால் எதிராளிக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் நமக்குத் தோன்றியதைச் செய்துவிட்டு, நன்றி வரவில்லையே என்று வருத்தப்படுவோம்.

மாற்கு முடிந்ததும் லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கதையை மெதுவாக ஒருமுறை படியுங்கள். அவன் மனதுருகினான் என்று ஒரு வரிதான் இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் வேலை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்தான், மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். அதாவது இரண்டு தெனாரி, அந்தக் காலத்துக் கூலியாளுக்கு இரண்டு நாள் சம்பளம். அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். அப்புறம் தன் பயணத்தைத் தொடர்ந்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒரு துண்டுச்சீட்டில் மூன்று பெயர்

ஜெபிக்கத் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்லுங்கள், அது போதும். அதோடு ஒரு சீட்டில் மூன்று பெயர்கள் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பவர். ஒருவர் வேலையிலோ படிப்பிலோ தினமும் பார்ப்பவர். மூன்றாவது, பெயரைக் கேட்டாலே உங்களுக்கு முகம் மாறும் ஆள்.

மூன்றாவது ஆளுக்காக ஜெபிக்கும்போது "ஆண்டவரே, அவரைத் திருத்தும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அது ஜெபத்தின் சாயலில் ஒரு புகார். அவருடைய உடல்நலத்துக்காக, பிள்ளைகளுக்காக, அவருக்கு இருக்கக்கூடிய பயத்துக்காகக் கேளுங்கள். முதல் சில நாள் வாய்தான் சொல்லும், மனம் வராது. பரவாயில்லை, வாய் சொல்லட்டும். சத்துருக்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இயேசு சொன்னபோது, அவர்களைப் பிடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை.

தினமும் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க முடியாதவர்களுக்கு 17-ஆம் நூற்றாண்டின் சகோதரர் லாரன்ஸ் ஆறுதலாக இருப்பார். பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலைக்கு நடுவே தேவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்ற பிரிவு அவரிடம் தேய்ந்துபோனது. நீங்கள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது சீட்டில் உள்ள ஒரு பெயரை நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

சொல்ல வார்த்தையே இல்லாத நாளில் சங்கீதம் ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்துக்கும் வேதாகமத்தில் இடம் இருக்கிறது.

வீடு

புதிய விசுவாசியின் வேகத்தில் முதலில் அடிபடுவது வீடுதான். வீட்டில் உள்ளவர்கள் கேட்காத பிரசங்கத்தைக் கேட்க வேண்டிவரும். நேற்றுவரை எல்லோரோடும் சேர்ந்து பார்த்த படம் இன்று திடீரென்று பாவமாகிவிடும். நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நல்லதற்கா என்பதுதான் அவர்கள் சந்தேகம்.

இங்கே என் யோசனை கறாரானது: வீட்டில் முதல் ஆறு மாதம் பிரசங்கம் வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். பிசாசு பிடித்திருந்து விடுதலையானவன் கூடவே வருகிறேன் என்றபோது, உன் வீட்டாரிடத்துக்குப் போய்க் கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்றுதான் இயேசு அனுப்பினார் (மாற்கு 5:19). உனக்கு நடந்ததைச் சொல் என்றார். அவர்களைத் திருத்து என்று சொல்லவில்லை.

செய்யக்கூடியவை சின்னவை. யாராவது பேச வந்தால் போனைக் கவிழ்த்து வையுங்கள். எந்த வேலையைச் செய்ய வீட்டில் வாக்குவாதம் வருமோ, அதை யாருக்கும் அறிவிக்காமல் செய்துவிடுங்கள். செய்த பிறகும் அறிவிக்காதீர்கள், இதுதான் கஷ்டம். கோபம் வந்தால் யாக்கோபு 1:19: கேட்பதற்குத் தீவிரம், பேசுவதற்குப் பொறுமை, கோபிப்பதற்குத் தாமதம். மூன்றையும் ஒரே நாளில் பழக முடியாது. எதிராளி பேசி முடித்த பிறகும் பதில் சொல்லாமல் ஒரு மூச்சு விடுவதில் தொடங்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் உறைக்கும். மாற்கு 7-இல் கொர்பான் என்ற பழக்கத்தை இயேசு கண்டிக்கிறார். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை, அது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டாம் என்று ஆக்கிவைத்திருந்தார்கள். வாரம் முழுக்கக் கூட்டங்களுக்குப் போகிறோம், அம்மாவின் மாத்திரை தீர்ந்து நான்கு நாளாகிறது என்றால், நாமும் கொர்பான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாக்கு

இதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் கூட்டங்களுக்கே உரிய வியாதி. "அந்தத் தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்து, அந்தத் தம்பியின் குடும்ப விஷயம் முழுவதையும் சொல்லி முடிப்பது. இது வெறும் புறங்கூறுதல், முன்னால் ஜெபம் என்ற வார்த்தை வந்துவிட்டதால் யாரும் தடுப்பதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி: அவர் இந்த அறைக்குள் இப்போது நுழைந்தால் இதே வாக்கியத்தை முடிப்பேனா? மாட்டேன் என்றால், பெயரும் விவரமும் சொல்லாமல் ஜெபிக்கலாம். விவரம் இல்லாமலும் தேவனுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்பும் முன்பும் இதே சோதனைதான். வசனம் சேர்த்து வந்தாலும் பொய் பொய்தான்.

வேலையும் பணமும்

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வீட்டில் இயேசு விருந்துண்டபோது அவன் கண்ணீர் விட்டதாக எழுதவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திருப்பி என்று கணக்கு சொன்னான் (லூக்கா 19). மனந்திரும்புதலுக்குக் கணக்குப் புத்தகமும் உண்டு. வாங்கித் திருப்பாத கடன், பிறர் பெயரில் வாங்கிக்கொண்ட பாராட்டு, வேலைக்கு வைத்தவருக்கு நாள் கடத்தும் சம்பளம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கூலிக்காரனுக்குச் சூரியன் மறையும் முன்பு கூலி கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமச் சட்டம் (24:15). ஒரேயடியாகத் தீர்க்க முடியாவிட்டால், மிகச் சிறிய கடனிலிருந்து தொடங்கி, மற்றவர்களிடம் போய்த் தேதி சொல்லுங்கள். வேலையிடத்தில் நம் சாட்சி மேசைமேல் வைத்த வசன அட்டையில் இல்லை. ஒத்துக்கொண்ட வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்துக் கொடுப்பதில் இருக்கிறது.

கொடுப்பதைப் பற்றி: மிச்சமானால் கொடுப்போம் என்று நினைத்தால் மிஞ்சாது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கும்படி பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). பணம் வந்தவுடன் ஒரு பகுதியைத் தனியாக வைத்துவிடுங்கள். எவ்வளவு என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி சொன்ன ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞரைப் பற்றி அவர் எழுதினார், அது வெஸ்லியேதான் என்பது பொதுவான கருத்து. ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 வந்தபோது 62 கொடுத்தார். நம்மால் அந்த அளவுக்கு முடியாமல் போகலாம். ஆனால் சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் செலவும் அதே அளவு உயரத்தான் வேண்டுமா என்ற கேள்வியையாவது கேட்டுக்கொள்ளலாம்.

கொடுக்கும் விதம் கொடுக்கும் தொகையைவிட முக்கியம். போட்டோ எடுக்காதீர்கள். வாங்குபவர் நன்றிக்கடனில் நிற்கும்படி செய்யாதீர்கள். முடிந்தால் நீங்கள் யார் என்று தெரியாமலே கொடுங்கள், வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்று மத்தேயு 6 சொல்வது இதைத்தான்.

மன்னிப்பு

அவசரப்படக் கூடாத படி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தவறு செய்தவராக இருந்தால் மத்தேயு 5:23-24 தெளிவாக இருக்கிறது. பலிபீடத்தருகே காணிக்கையோடு நிற்கும்போது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. ஆராதனையே காத்திருக்கலாம் என்கிறார். போய்ச் சொல்லும்போது செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "உன்னைப் பற்றி நான் அவர்களிடம் பொய்யாகச் சொன்னேன்." அதன்பின் 'ஆனால்' வரக்கூடாது. "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்றும் வேண்டாம், புண்பட்டதால்தானே போயிருக்கிறீர்கள். சரிசெய்ய நான் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "கிறிஸ்தவர்தானே, மன்னிக்க வேண்டாமா" என்று அவரிடமே வசனம் காட்டுவது இரண்டாவது அடி.

அடிபட்டவர் நீங்கள் என்றால் நிலைமை வேறு. பேதுரு எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்டபோது இயேசு சொன்ன கதையில் ஒரு நுணுக்கம் உண்டு (மத்தேயு 18). ராஜா கடனை மன்னித்துவிட்ட ஓர் ஊழியக்காரன், தனக்குக் கடன்பட்டவனை மன்னிக்க மறுக்கிறான். அவன் ராஜாவிடம் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து, எந்தக் கூலியாளும் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்ட முடியாத தொகை. உடன் வேலைக்காரன் அவனுக்குத் தரவேண்டியது 100 வெள்ளிப்பணம். அதைச் சொற்பம் என்று பிரசங்கங்களில் தள்ளிவிடுவார்கள். அது 100 நாள் கூலி! மூன்று மாதத்துக்கும் மேலான சம்பளம். உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. அது பெரிய கடன்தான், அதைவிடப் பெரியது உங்களுக்கு மன்னிக்கப்பட்டிருக்கிறது என்கிறது.

நாஜிக்களிடமிருந்து யூதர்களைத் தன் வீட்டில் ஒளித்துவைத்ததற்காகக் குடும்பத்தோடு கைதானவர் நெதர்லாந்தின் கோரி டென் பூம். அவருடைய அக்கா பெட்சி 1944 டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்துபோனார். 1947-இல் மியூனிக்கில் ஒரு சபையில் மன்னிப்பைப் பற்றிக் கோரி பேசி முடித்ததும் ஒருவர் கை நீட்டிக்கொண்டு வந்தார். அதே முகாமின் காவலாளி. கோரியின் கை எழவில்லை. உள்ளே அன்பு துளியும் இல்லை என்று அவரே பிற்பாடு சொன்னார். என்னால் முடியவில்லை, உம்முடைய மன்னிப்பைத் தாரும் என்று இயேசுவிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கையைப் பிடித்தார். உணர்வு வந்த பிறகு மன்னிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் மன்னிப்பது வேறு, பழையபடி நம்புவது வேறு. யோசேப்பைப் பாருங்கள். தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மார்கள் எகிப்துக்கு வந்தபோது அவர்களைக் கண்டு அழுதான், ஆனாலும் உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வரும்வரை சோதித்துப் பார்த்தான். மாறியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கட்டிப்பிடித்தான். பவுலும் "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் எழுதினார் (ரோமர் 12:18). எதிர்ப்பக்கத்தின் பங்கை உங்கள் தலையில் கட்டவில்லை.

வீட்டில் அடி உதையோ பாலியல் கொடுமையோ நடந்தால், பொறுத்துப்போ என்று யார் வசனம் காட்டினாலும் கேட்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமானவரிடம் சொல்லுங்கள், சட்டத்தின் உதவியை நாடுங்கள். மன்னிப்பைப் பற்றி அதற்கப்புறம், எத்தனை காலம் கழித்தும் யோசிக்கலாம்.

சபை, பிற மதத்தவர், களைப்பு

தனியாக விசுவாசியாக இருக்க முடியாது. ஆராதனையோ திருப்பலியோ, ஒரே இடத்துக்கு ஒழுங்காகப் போங்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஞாயிறு கூடுகையில் வசதியுள்ளவர்கள் விருப்பம்போல் தந்ததைக் கொண்டு அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோரைக் கவனித்ததாகக் குறிப்பிடுகிறார். நீங்கள் போகும் சபையில் இந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள், அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். பாடகர் குழுவைவிட அங்கே இடம் காலியாக இருக்கும். மருந்தை நிறுத்து, குடும்பத்தை விட்டு விலகு, காணிக்கைக் கணக்கைக் கேட்காதே என்று சொல்லும் இடமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். மற்றபடி சண்டை சச்சரவு உள்ள சபை என்று மிரள வேண்டாம். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐக் கல்யாண வீட்டில் வாசிக்கிறோம், ஆனால் பவுல் அதை எழுதியது ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த சபைக்கு.

பிற மதத்து அண்டைவீட்டாருக்கு உதவும்போது அதற்குள் தூண்டில் முள் வைக்காதீர்கள். நாலாம் நூற்றாண்டில், பழைய ரோம வழிபாட்டை மீட்க நினைத்த பேரரசர் ஜூலியன், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்குப் புலம்பி எழுதினார். எதிரியின் புகார் இப்படி அமைந்தால் போதும். உங்கள் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் (1 பேதுரு 3:15). கேட்காதபோது நல்ல அண்டைவீட்டாராக இருங்கள்.

களைத்துப்போனால் ஓய்வெடுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். சாப்பிடவும் நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோனபோது, தனியிடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்று சீஷர்களை அழைத்ததும் இயேசுதான் (மாற்கு 6:31).

வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்ளலாம், அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மூன்று பேரில் யாருக்கு இந்த வாரம் ஏதாவது செய்தேன்? யாரைத் தவிர்த்தேன்? யாரிடம் போய்ப் பேச வேண்டியிருக்கிறது? பதில் ஒன்றுமே இல்லாத வாரங்கள் வரும். அப்போது சீட்டை மாற்றாதீர்கள், அதே பெயர்களோடு திங்கட்கிழமை மறுபடி தொடங்குங்கள். மூன்றாவது பெயரை நினைக்கும்போது முகம் சுளிப்பது நின்றுவிட்டது என்று தோன்றினால், அவரை இரண்டாவது இடத்துக்கு நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வேறொருவரை எழுதலாம். ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்காது.